செவ்வாய்க்கிழமை அணி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பயிற்சிக்குள் நுழைபவர்களுக்கு

நம் ஊரில் 'செவ்வாய் வெறுவாய்' என்று சொல்லி அன்றைக்கு நல்ல காரியம் எதையும் தொடங்கமாட்டார்கள். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடியும் எறிந்தும் ஆடுவது) எல்லாக் காரியமும் செவ்வாய்க்கிழமைதான் தொடங்குகிறது. ஆட்டம் சனிக்கிழமை. லட்சம் பேர் உட்காரும் அரங்கு, பேண்டு வாத்தியம், தொலைக்காட்சி எல்லாம் அன்றைக்குத்தான். ஆனால் ஓர் அணி எப்படிப்பட்டது என்று தெரியவேண்டுமானால் செவ்வாய் பிற்பகல், பார்வையாளர் ஒருவரும் இல்லாத பயிற்சித் திடலுக்குப் போகவேண்டும்.

முதுகலை படிக்க வந்த புதிதில் அப்படி ஒரு திடலில் வீடியோ எடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. கீழே 130 கிலோ எடையுள்ள ஓர் ஆள் தன் வலது காலை ஆறங்குலம் எடுத்துவைப்பதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பார். இதற்கா இத்தனை கோடி செலவு என்று சிரித்திருக்கிறேன். பிற்பாடு எங்கள் ஊர்ச் சிறுவர் அணிக்கு வாரயிறுதித் துணைப் பயிற்சியாளராகப் போனபோதுதான் அந்த ஆறங்குலத்தின் விலை தெரிந்தது.

படிக்கவோ வேலைக்கோ அமெரிக்கா வந்து, இந்த விளையாட்டில் பிடிப்பு உண்டாகி, பயிற்சிப் பக்கம் போகலாமா என்று யோசிக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். பயிற்சியாளர்கள் வாயைத் திறந்தால் 'கல்ச்சர்' என்பார்கள். நான் அதைப் பழக்கம் என்றே எழுதப்போகிறேன். அணியின் பழக்கம் என்று சொல்லும்போது, அதை யார், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு உண்டாக்குவது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. 'கல்ச்சர்' என்றால் பேசிவிட்டுப் போய்விடலாம்.

முதலில் பந்தைப் பார்ப்பதை நிறுத்துங்கள்

விதிகளுக்கு அதிக நேரம் வேண்டாம். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளில் 10 கெஜம் முன்னேறவேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு. பந்தோடு எதிரணிப் பக்கத்து எல்லைக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. மிச்சத்தை இரண்டு சனிக்கிழமைகளில் பிடித்துக்கொள்ளலாம்.

பார்க்கும் விதம்தான் பழகவேண்டும். நாம் கிரிக்கெட்டில் பந்தைத் தொடர்ந்து பழகியவர்கள். இங்கே பந்தை விட்டுவிட்டு, முன்வரிசையில் குனிந்து நிற்கும் ஐந்து பேரில் ஒருவரைத் தேர்ந்துகொண்டு, ஒரு கால்மணி ஆட்டம் முழுக்க அவரை மட்டும் பாருங்கள். அவருடைய முதல் அடி, கை, தோற்றபின் எழுந்து ஓடுகிறாரா நடக்கிறாரா. இதையே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால் ஒரு சீசனில் உங்கள் கண் மாறிவிடும்.

கூடவே பயிற்சிக்குழுவின் அடுக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். உச்சியில் ஹெட் கோச். அவருக்குக் கீழே தாக்குதலுக்கு ஒருவர், தடுப்புக்கு ஒருவர், உதைக்கும் ஆட்டங்களுக்கு ஒருவர் என்று கோஆர்டினேட்டர்கள். அவர்களுக்குக் கீழே ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பொசிஷன் கோச். வீரரோடு நாள்முழுக்க இருப்பவர் இந்தக் கடைசி ஆள்தான். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பாடத்தில் மதிப்பெண் குறைகிறது என்பதெல்லாம் இவருக்குத் தெரிந்திருக்கும். ஹெட் கோச்சின் பேச்சு செய்தித்தாளில் வரும். பொசிஷன் கோச்சின் பேச்சு வீரனின் காலில் வரும்.

ஒரு சொல் எச்சரிக்கை: 'ட்ரெய்னர்' என்றால் நாம் பயிற்சியாளர் என்று நினைப்போம். இங்கே அவர் காயத்தையும் உடல்நிலையையும் பார்க்கும் மருத்துவப் பணியாளர். நான் முதல் நாள் அவரிடம் போய் ஆட்ட உத்தி கேட்டு, அவர் என் முழங்காலைப் பார்க்க ஆரம்பித்தார்.

எந்தக் கதவு வழியாகப் போவது

விளையாடாதவன் பயிற்சியாளராக முடியுமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. மைக் லீச் கல்லூரி ஃபுட்பால் ஆடியதே இல்லை. சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவர். சிறு கல்லூரிகளில் குறைந்த சம்பளத்துக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்து, இடையில் ஃபின்லாந்துக்குப் போய் அங்கே ஒரு அணிக்குப் பயிற்சி கொடுத்து, பிறகு டெக்ஸாஸ் டெக், வாஷிங்டன் ஸ்டேட், மிசிசிப்பி ஸ்டேட் என்று மூன்று பெரிய அணிகளின் ஹெட் கோச்சாக இருந்தார். 2022 டிசம்பரில் இறக்கும்வரை பயிற்சியாளராகவே இருந்தார். அவரும், அவர் துணையாக வேலை பார்த்த ஹெட் கோச் ஹால் மம்மியும் சேர்ந்து வளர்த்த, பந்தை விடாமல் எறியும் ஆட்டமுறையை இன்றைக்குப் பள்ளிச் சிறுவர்கள்கூட ஆடுகிறார்கள்.

ஆனால் லீச் கதையை வைத்துக்கொண்டு நேரே ஹெட் கோச்சுக்கு உத்தி எழுதி மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். அவருக்கு அப்படி நூறு வரும். உள்ளே போக நான்கு எளிய கதவுகள் உண்டு. மாணவ மேனேஜர்: பந்து, தண்ணீர், கூம்பு, துண்டு. வீடியோ: உயரத்தில் நின்று பயிற்சியைப் படமெடுத்து, அன்று மாலைக்குள் வெட்டிப் பிரித்துக் கொடுப்பது. தரவு: எண்களோடு பழகியவர்களுக்கு, நம்மவர்கள் பலர் எளிதாக நுழையக்கூடிய இடம் இது. நான்காவது கிராஜுவேட் அசிஸ்டன்ட்: முதுகலை மாணவராகச் சேர்ந்துகொண்டே பயிற்சிக்குழுவில் வேலை. இது பயிற்சியாளர் தொழிலின் உண்மையான முதல் படிக்கட்டு. ஏற்கெனவே ஆடியவர்களே அதற்கு வரிசையில் நிற்பார்கள் என்பதால் முதல் மூன்றில் ஒன்றில் இரண்டு வருடம் முகம் தெரிந்தவராக இருப்பது நல்லது.

மாணவர் விசாவில் இருப்பவர்கள் படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஃபுட்பால் வேலை 20 மணியில் நிற்காது. 'சும்மா உதவிதானே' என்று யாராவது சொன்னாலும், சேருமுன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலையில் இருப்பவர்களுக்கு ஊர்ச் சிறுவர் அணிகள்தான் வழி. பெரும்பாலும் பின்னணிச் சோதனை செய்வார்கள், தலைக்காயம் பற்றிய சிறு பாடம் ஒன்றை முடிக்கச் சொல்வார்கள். முடித்துவிடுங்கள்.

விசிலுக்கு முன்னால் தண்ணீர்

இனி நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறு குழுவைக் கையில் கொடுத்துவிட்டார்கள். முதல் வேலை உத்தி கிடையாது. வெயில்.

1954இல் பேர் பிரயண்ட் என்ற ஹெட் கோச் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் அணிக்கு வந்ததும் வீரர்களைப் பேருந்தில் ஏற்றி ஜங்ஷன் என்ற வறண்ட ஊருக்குக் கொண்டுபோனார். பத்து நாள், கடும் வறட்சி, தண்ணீர் கொடுக்காத பயிற்சி. பாதிக்கு மேற்பட்டவர்கள் இரவோடு இரவாக ஓடிப்போனார்கள். அந்த வருடம் அணி ஒரே ஒரு ஆட்டத்தில் வென்று ஒன்பதில் தோற்றது. இரண்டு வருடம் கழித்துத் தங்கள் பிரிவின் பட்டத்தை வென்றதால் அந்தப் பத்து நாள் புராணமாகிவிட்டது. இன்னும் சிலர் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். வெயிலில் சுருண்டு விழுந்து உயிருக்குப் போராடியவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

2018 மே மாதம் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஓட்டப் பயிற்சியின்போது 19 வயது வீரர் ஒருவர் வெப்பத் தாக்குதலில் விழுந்தார். உடனே குளிர்நீரில் அமிழ்த்தியிருக்கவேண்டும், செய்யவில்லை. இரண்டு வாரத்தில் இறந்துபோனார். பல்கலைக்கழகத் தலைவர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். ஹெட் கோச் அந்த அக்டோபர் கடைசியில் வேலையிழந்தார். அந்த அணியில் வீரர்கள் வாயைத் திறக்கப் பயந்தார்கள் என்பது விசாரணையில் வெளியே வந்தது. 'முடியவில்லை' என்று சொல்ல முடியாத இடத்தில் உடம்புதான் கடைசியாகச் சொல்லும்.

படமெடுப்பவர்களுக்கும் இதே கதைதான். 2010 அக்டோபரில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் மணிக்கு 50 மைலுக்கு மேல் காற்று வீசிய ஒரு பிற்பகல், பயிற்சியைப் படமெடுத்துக்கொண்டிருந்த மாணவர், தான் ஏறியிருந்த லிஃப்ட் (ஆளை உயரத்துக்குத் தூக்கும் மேடை) சாய்ந்து இறந்தார். நான் லிஃப்ட் ஏறிய முதல் நாளே எங்கள் வீடியோ மேலாளர் இதைச் சொல்லி, "காத்து அடிச்சா என்கிட்ட கேக்காத, இறங்கிடு" என்ற பொருளில் ஒரு வரி சொன்னார். நான் பார்த்த சிறந்த தலைமை அந்த ஒரு வரிதான்.

ஆகவே செய்யவேண்டியது: முதல் நாட்களில் ஹெல்மெட் மட்டும், பிறகு தோள்கவசம், அப்புறம்தான் முழுக் கவசம். குளிர்நீர்த் தொட்டி திடலிலேயே நிரம்பியிருக்கவேண்டும். ஒருவர் வெப்பத்தால் விழுந்தால் முதலில் குளிர்விப்பு, பிறகுதான் ஆம்புலன்ஸ் பயணம். பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் ட்ரெய்னருக்கு உண்டு என்பதை எல்லா வீரர் முன்னிலையிலும் நீங்களே சொல்லுங்கள். ஒருமுறை அவர் நிறுத்தும்போது முகம் சுளிக்காமல் இருங்கள். பையன்கள் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசி ஆளின் பெயர்

இரண்டாவது வேலை பெயர். ஒரு கல்லூரி அணியில் நூறுக்கு மேல் ஆட்கள். சனிக்கிழமை தொலைக்காட்சியில் தெரிவது முப்பது நாற்பது பேர். மற்றவர்களில் பலர் 'ஸ்கௌட் டீம்': அடுத்த வாரத்து எதிரணி போல நடித்து, முதல் வரிசை வீரர்களிடம் அடி வாங்குவது அவர்கள் வேலை. உதவித்தொகை இல்லாமல் சொந்தச் செலவில் சேர்ந்தவர்களுக்கு 'வாக்-ஆன்' என்று பெயர். இவர்களை அணி எப்படி நடத்துகிறது என்று பார்த்தால் போதும், அணியின் பழக்கம் தெரிந்துவிடும்.

ஸ்டெட்சன் பென்னட் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் அப்படிச் சேர்ந்த ஒருவர். 2017 சீசனின் கடைசியில் ஜார்ஜியா, ஓக்லஹோமாவோடு மோதவேண்டியிருந்தது. அந்த அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) பேக்கர் மேஃபீல்ட் போலப் பயிற்சியில் நடித்துக் காட்டியவர் பென்னட். மேஃபீல்டே ஒரு காலத்தில் வாக்-ஆன். பிறகு பென்னட் ஒரு சிறு கல்லூரிக்குப் போய்த் திரும்பி வந்து, 2021, 2022 என்று இரண்டு சீசன்கள் அடுத்தடுத்து ஜார்ஜியாவுக்கு தேசியப் பட்டம் வாங்கித் தந்தார்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு 'எல்லோருக்குள்ளும் ஒரு பென்னட்' என்று பேசத் தொடங்கிவிடாதீர்கள். பெரும்பாலான வாக்-ஆன்கள் நான்கு வருடத்தில் ஒரு ஆட்டம்கூட ஆடமாட்டார்கள், அது அவர்களுக்கே தெரியும். தெரிந்தும் செவ்வாய்க்கிழமை வந்து நிற்கிறார்களே, அதற்கு மரியாதை செய்யுங்கள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அந்த வாரம் நன்றாக நடித்த ஸ்கௌட் வீரரைப் பெயர் சொல்லி எழுப்புங்கள். என்ன செய்தார் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "நல்லா உழைச்சான்" போதாது. "புதன்கிழமை மூணாவது தொடர்ல அவன் அந்தப் பக்கம் திரும்பினதாலதான் நம்ம ஆளுக்கு அந்த ஓட்டை தெரிஞ்சது" என்று சொல்லவேண்டும்.

வாசகம் எழுதுமுன்

புதிதாக வருபவர்கள் முதல் வாரமே சட்டையில் அச்சடிக்க ஒரு வாசகம் தேடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

1969இல் போ ஷெம்பெக்லர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு வந்து கடுமையான பயிற்சி வைத்தார். பலர் விலகினார்கள். 'நிலைத்து நிற்பவர்கள் சாம்பியன்களாவார்கள்' என்று ஒரு பலகை மாட்டினார். விலகிப்போன ஒரு வீரர் போகிறபோக்கில் அதன் கீழே, 'விலகுபவர்கள் டாக்டர்களும் வக்கீல்களும் ஆவார்கள்' என்ற கருத்தில் எழுதிவைத்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் எந்த வரிக்குக் கைதட்டியிருப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. அந்த வருடக் கடைசியில் அவரது அணி, யாரும் எதிர்பாராமல் ஒஹையோ ஸ்டேட்டை 24-12 என்று வென்றது. பலகை நின்றதற்கு அதுதான் காரணம். தோற்றிருந்தால் கீழே எழுதியது மட்டும் நின்றிருக்கும்.

பி. ஜே. ஃபிளெக் என்ற கோச்சின் 'படகைத் துடுப்புப் போடு' என்ற வாசகத்தைக் கேட்டால் விளம்பர வரி போலிருக்கும். பிறந்த சில நாளில் இறந்த தன் மகனின் நினைவிலிருந்து அது வந்தது. வெஸ்டர்ன் மிச்சிகனில் முதல் வருடம் 1 வெற்றி, 11 தோல்வி. அப்போதும் அதையேதான் சொன்னார். நான்காம் வருடம் 13 வெற்றி, ஒரே தோல்வி.

இந்த வகையில் நான் அதிகம் படித்தது பில் ஸ்னைடரை. ஆகவே அவரிடம் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம் இருப்பது மன்ஹாட்டன் என்ற ஊரில். நியூயார்க் மன்ஹாட்டன் இல்லை, புல்வெளி நடுவே ஒரு சிறு நகரம். 1989இல் ஸ்னைடர் அங்கே வந்தபோது அவருக்கு வயது 49, அதற்கு முன் கல்லூரி அணி எதற்கும் ஹெட் கோச்சாக இருந்ததில்லை. அணி அதுவரை 500க்கு மேற்பட்ட தோல்விகளைச் சேர்த்துவைத்திருந்தது. பெரிய அணிகளில் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது அதுதான். 1986 அக்டோபருக்குப் பிறகு ஒரு வெற்றிகூட இல்லை. 1989 செப்டம்பர் 30 அன்று நார்த் டெக்ஸாஸை 20-17 என்று, கடைசி நொடியில் எறிந்த பந்தால் வென்றார்கள். 30 ஆட்டங்களுக்குப் பிறகு வந்த முதல் வெற்றி. அந்த சீசனில் அது ஒன்றுதான், மிச்சம் 10 தோல்வி.

பிறகு என்ன நடந்தது என்று எண்களைப் பாருங்கள்: 1990இல் 5 வெற்றி, 1991இல் 7, 1993இல் 9, 1998இல் வழக்கமான சீசனில் 11க்கு 11. பத்து வருடம். ஒரே துள்ளலில் நடக்கவில்லை. நாளை இன்றைவிடக் கொஞ்சம் மேலாக இருக்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஓயாத பேச்சு. 16 இலக்குகளை எழுதிவைத்தார்: உறுதி, சுயநலமின்மை, ஒற்றுமை, முன்னேற்றம் என்று போகும் பட்டியல். அதில் 'தவறுகளைக் களை' என்பதும் உண்டு, 'தோல்வியை ஏற்காதே' என்பதும் உண்டு. 'பட்டம் வெல்' என்பது மட்டும் இல்லை. அணியின் பழைய சின்னத்தை மாற்றி, தோல்வி நாற்றம் ஒட்டாத புதிய பூனைமுகம் ஒன்றை ஹெல்மெட்டில் ஒட்டினார். எதிரணி வீரர்கள் நன்றாக ஆடினாலோ காயம்பட்டாலோ தன் கைப்பட அவர்களுக்குக் கடிதம் எழுதுவார். மின்னஞ்சல் காலத்திலும் எழுதினார். 2005இல் ஓய்வு பெற்று, 2009இல் திரும்பி வந்து, 2018 வரை இருந்தார். மொத்தம் 215 வெற்றிகள்.

அவரைக் கோயில் கட்டிக் கும்பிடவேண்டாம். ஆரம்ப ஆட்டங்களுக்கு எளிய எதிரணிகளாகப் பார்த்துப் போட்டுக்கொள்கிறார் என்று கேலி செய்தார்கள். கேலியில் உண்மையும் இருந்தது. எனக்கு அதில் குறை தெரியவில்லை. மூன்று வருடமாக வெல்லாதவனுக்கு முதலில் வெற்றியின் ருசி தெரியவேண்டும். உங்கள் அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தால் நட்பு ஆட்டத்துக்குப் பக்கத்து ஊரின் வலிமையான அணியைக் கூப்பிடாதீர்கள்.

16 இலக்கு புதியவருக்கு அதிகம். மூன்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியதாக இருக்கட்டும். 'மரியாதை' என்று எழுதினால் யாரும் அளக்க முடியாது. 'பேசுபவர் கண்ணைப் பார்', 'விசில் அடித்தால் ஓடி வா', 'உன் சாமான்களை நீயே எடுத்துவை' என்றால் பத்து வயதுப் பையனும் செய்வான். நட்சத்திர வீரன் மீறினாலும் கடைசி ஆள் மீறினாலும் ஒரே விளைவு. இதில் ஒருமுறை சறுக்கினால் மூன்று விதிகளும் போய்விடும்.

வாரத்தைப் பிரிப்பது

கல்லூரி அணிகளின் வாரம் ஏறக்குறைய இப்படிப் போகும். ஞாயிறு: நேற்றைய ஆட்டத்தின் வீடியோ, காயக் கணக்கு. திங்கள்: லேசான வேலை அல்லது ஓய்வு. செவ்வாய், புதன்: முழு வேகம், முழுக் கவசம். வியாழன்: வேகம் குறைத்துப் பிழை திருத்தம். வெள்ளி: நடந்து பார்க்கும் ஒத்திகை. சனி: ஆட்டம். சீசன் காலத்தில் வீரர்களிடம் கட்டாயமாக வாங்கக்கூடிய நேரம் நாளுக்கு 4 மணி, வாரத்துக்கு 20 மணி என்று விதி இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு.

பயிற்சியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஹாரன் அடித்ததும் இடம் மாறுவார்கள். துண்டு பெரும்பாலும் ஐந்து நிமிடம். நீங்களும் ஒரு தாளில் அப்படி எழுதிக்கொண்டு போங்கள். முதல் வருடம் நான் 'தடுப்பு, 30 நிமிடம்' என்று எழுதிக்கொண்டு போனேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் பையன்கள் புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார்கள்.

நிக் சேபன் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. ஏழு தேசியப் பட்டங்கள்: ஒன்று எல்எஸ்யுவில் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்), ஆறு அலபாமாவில். முடிவை மறந்து கையிலுள்ள வேலையை மட்டும் நினைக்கும் அவரது புகழ்பெற்ற 'ப்ராசஸ்' பிறந்தது அலபாமாவில் இல்லை. 1998 நவம்பரில் அவர் மிச்சிகன் ஸ்டேட்டின் கோச். அணி 4 வெற்றி, 5 தோல்வியில் தள்ளாடிக்கொண்டிருந்தது. எதிரே முதலிடத்திலிருந்த, தோல்வியே காணாத ஒஹையோ ஸ்டேட். அந்தப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பேராசிரியர் லயனல் ரோசன் அவருக்கு ஒரு யோசனை சொன்னார்: ஒரு முயற்சி சராசரியாக ஏழு விநாடிதான் நீடிக்கிறது, அந்த ஏழு விநாடியை மட்டும் நினைக்கச் சொல்லுங்கள், எண்பலகையைப் பார்க்கவேண்டாம். 24-9 என்று பின்தங்கியிருந்த அணி 28-24 என்று வென்றது.

இதைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினால் இப்படி வரும்: ஏழு விநாடி செய், நின்று மூச்சு வாங்கு, ஒரே ஒரு திருத்தம் கேள், மறுபடி ஏழு விநாடி. ஒரே ஒரு திருத்தம். நாம் பள்ளியில் திட்டு வாங்கிய பழக்கத்தில், ஒரு தவறைப் பிடித்தால் போன வருடத்துத் தவறுவரை இழுப்போம்.

வீடியோவைக் காட்டித் திருத்துவதில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். ஒரு ஞாயிறு, பதினொரு வயதுப் பையன் ஒருவன் எதிராளியைக் கோட்டைவிட்ட காட்சியை எல்லோர் முன்னிலையிலும் நான்கு முறை ஓட்டிக் காட்டினேன். பையன்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த செவ்வாய் அவன் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேசினேன், அவன் அம்மா மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அவன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அன்றிலிருந்து சில பழக்கங்கள். கூட்டத்தில் நல்ல காட்சி மட்டும், தவறு தனியாக. "நீ ஏன் விட்டே" என்று கேட்பதில்லை. "வலது கால் எங்க போச்சு பாரு" என்பேன். முடிந்தால் அவன் சரியாகச் செய்த இன்னொரு காட்சியை உடனே பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். வளர்ந்த கல்லூரி வீரர்கள் கூட்டத்தில் திருத்தப்படுவதைத் தாங்குவார்கள், அது அவர்கள் தொழில். நீங்களும் நானும் அங்கிருந்து தொடங்கவில்லை.

அதிகாரத்தைப் பிரித்துக்கொடுத்தல்

டாம் ஆஸ்பார்ன் நெப்ராஸ்காவில் 25 வருடம் இருந்து 255 ஆட்டங்களை வென்றவர். 1990களில் அவர் அணியில் 'ஒற்றுமைக் குழு' ஒன்று இருந்தது. ஒவ்வொரு ஆட்ட இடத்திலிருந்தும் வீரர்களே தங்கள் ஆட்களைத் தேர்ந்தெடுப்பார்கள். சில்லறை ஒழுக்க விஷயங்கள், தகராறுகள் முதலில் அவர்களிடம் போகும். அந்தப் பத்தாண்டில் 1994, 1995, 1997 என்று மூன்று பட்டங்கள் வந்தன.

காகிதத்தில் குழு வைப்பது சுலபம். அவர்கள் எடுக்கும் முடிவு உங்களுக்குப் பிடிக்காதபோதும் அதை நிறைவேற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாதென்றால் குழுவே வேண்டாம். சின்ன விஷயத்தில் தொடங்குங்கள்: உடற்பயிற்சி நேரம், பேருந்தில் யார் எங்கே, தாமதமாக வருபவருக்கு என்ன. கேப்டனை நீங்கள் நியமிக்காமல் வாக்குச்சீட்டுக்கு விடுங்கள். சத்தம் போடுபவனுக்கே ஓட்டு விழும் என்று பயந்தேன். விழுந்தது, தினமும் முதல் ஆளாக வந்து கூம்புகளை அடுக்கிவைத்த, அதிகம் பேசாத பையனுக்கு.

விலை கொடுக்கும் நாள்

சீசனில் ஒரு நாள் வரும். அன்று நீங்கள் செய்வதை அணி மறக்காது.

2018 ஜனவரி 8, அட்லாண்டா. தேசியப் பட்ட ஆட்டத்தில் அலபாமா இடைவேளையில் 0-13 என்று ஜார்ஜியாவிடம் பின்தங்கியிருந்தது. சேபன் தன் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்துவிட்டு, டுவா டகோவைலோவா என்ற முதலாண்டுப் பையனை இறக்கினார். ஹர்ட்ஸ் அதுவரை தொடங்கிய ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே தோற்றவர். கூடுதல் நேரத்தில் டுவா எறிந்த 41 கெஜப் பந்தில் அலபாமா 26-23 என்று வென்றது. தன் இடத்தை எடுத்துக்கொண்டவனை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவர்களில் ஹர்ட்ஸும் ஒருவர்.

அடுத்த சீசன் முழுக்க அவர் இரண்டாம் இடத்தில் இருந்தார். வேறு கல்லூரிக்குப் போயிருக்கலாம், போகவில்லை. டிசம்பர் 1, அதே அரங்கு, அதே ஜார்ஜியா. டுவாவுக்குக் காயம். ஹர்ட்ஸ் உள்ளே வந்து ஆட்டத்தைத் திருப்பி, வெற்றி டச்டவுனைத் தானே ஓடி எடுத்தார், 35-28. அந்த மாதம் படிப்பை முடித்துக் கல்லூரிப் பட்டம் வாங்கிக்கொண்டு, பிறகுதான் ஓக்லஹோமாவுக்கு மாறினார்.

இதில் சேபனின் துணிச்சலைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த இடைப்பட்ட ஏறத்தாழப் பதினோரு மாதம்தான் பெரிது. உட்காரவைக்கப்பட்டவன் தினமும் இரண்டாவது ஆளாகப் பயிற்சி செய்துகொண்டிருந்திருக்கிறான், யாரோ ஒருவர் அவனுக்கும் அதே கவனத்தோடு கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். நீங்கள் ஒருவனை மாற்றினால் அவனிடம் முதலில், நேரில், காரணத்தோடு சொல்லுங்கள். பலகையில் பார்த்துத் தெரிந்துகொள்ள விடாதீர்கள். மறுநாள் அவனோடு கூடுதலாகப் பத்து நிமிடம் செலவிடுங்கள்.

ஆஸ்பார்னுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. 1984 ஜனவரி 2, மயாமிக்கு எதிரே. நெப்ராஸ்கா கடைசி நிமிடத்தில் டச்டவுன் அடித்து 30-31 வரை வந்துவிட்டது. டச்டவுனுக்குப் பின் ஒரு எளிய உதையில் ஒரு புள்ளி எடுத்தால் போதும், சமநிலை. அக்காலத்தில் கூடுதல் நேரம் கிடையாது. தோல்வியே காணாமல் முதலிடத்திலிருந்த அணி அது; சமநிலையோடு பட்டம் அநேகமாக வீட்டுக்கு வந்திருக்கும். வெல்லத்தான் வந்தோம் என்று, உதைக்காமல் இரண்டு புள்ளிக்கு முயன்றார். பந்து தட்டிவிடப்பட்டது, தோற்றார்கள். முதல் பட்டத்துக்கு இன்னும் பதினோரு வருடம் காத்திருக்கவேண்டியிருந்தது.

எதிர்ப்பக்கமும் ஒன்று: ஒஹையோ ஸ்டேட்டில் 28 சீசன்கள் ஹெட் கோச்சாகக் கோலோச்சிய வுடி ஹேய்ஸ், 1978 டிசம்பர் 29 இரவு, பந்தைப் பறித்த கிளெம்சன் வீரரைக் கோட்டுக்கு வெளியே குத்தினார். மறுநாள் காலை வேலை போனது. கோபம் வரும் ஆள் நீங்கள் என்றால், ஆட்ட நாளில் உங்கள் சட்டையைப் பிடித்து இழுக்க ஒரு துணைப் பயிற்சியாளருக்கு முன்கூட்டியே அனுமதி கொடுத்துவைப்பது வெட்கமில்லை.

பணமும் போர்ட்டலும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், விதிகள் வருடாவருடம் மாறுகின்றன. 2018இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது: கல்லூரி மாற விரும்பும் வீரர் தன் பெயரைப் பதிந்துவிடலாம். 2021இலிருந்து ஒரு வருடம் உட்காராமலே மாறி ஆடலாம். அதே ஜூலையிலிருந்து தன் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம். 2025 ஜூன் மாத நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருட உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர். கூடவே ஃபுட்பால் அணிக்கு 105 பேர் என்ற வரம்பும் வந்ததால் வாக்-ஆன்களுக்கு இடம் சுருங்கியது.

ஸ்னைடருக்குப் பத்து வருடம் பிடித்த மாற்றம் இப்போது ஒரே வருடத்தில் நடக்கிறது. 2023இல் 3 வெற்றி, 9 தோல்வியோடு இருந்த இண்டியானாவுக்கு கர்ட் சிக்னெட்டி வந்தார். தன் பழைய கல்லூரியிலிருந்து 13 வீரர்களைக் கூடவே கூட்டிவந்தார். 2024இல் 11 வெற்றி, 2 தோல்வி. பணம் கொடுத்து ஆளை வாங்கினால் அணி வந்துவிடும் என்று இதைப் பார்த்துச் சொல்பவர்கள், அந்தப் 13 பேர் ஏற்கெனவே அவருடைய செவ்வாய்க்கிழமைகளில் பழகியவர்கள் என்பதைக் கவனிப்பதில்லை. மாட்டை மட்டும் வாங்காமல் கொட்டிலையும் சேர்த்துக் கொண்டுவந்தார்.

கீழ்நிலை உதவியாளரான உங்களுக்கு இதில் ஒரு வேலை உண்டு. சீசன் முடியும் வாரங்களில் உங்கள் குழுவிலுள்ள ஒவ்வொருவரோடும் இருபது நிமிடம் தனியாக உட்காருங்கள். அடுத்த வருடம் அவனுக்கு எந்த இடம் கிடைக்கும் என்று நீங்கள் நினைப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கிடைக்காது என்றால் அதையும் சொல்லுங்கள். உண்மையைக் கேட்டுவிட்டு விலகுபவன் நண்பனாகப் போவான், ஏமாந்து விலகுபவன் கூட இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போவான்.

முதல் நாள் பை

நனையாத நோட்டு ஒன்று, பென்சில் இரண்டு. குளிரில் பேனா எழுதாது. மழைக்கோட்டு. கழுத்தில் மாட்டும் கடிகாரம். விசில் வேண்டாம், உங்களுக்கு அதை ஊத அனுமதி வர மாதக்கணக்காகும். பயிற்சி மூன்றரைக்கு என்றால் இரண்டே முக்காலுக்குப் போய்விடுங்கள், கூம்பு அடுக்க ஆள் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

அப்புறம், உடை. எங்கோ மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிய சிவப்புக் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு நான் முதல் நாள் போனேன். அது பரம எதிரிக் கல்லூரியின் நிறம் என்று எனக்குத் தெரியாது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கருவிகள் வைக்கும் அறைக்காரர் மட்டும் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், பழைய நீலக் கோட்டு ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு அளவு பெரியது. இன்னும் வைத்திருக்கிறேன்.